ஓட்டத்தில் சிக்கனம்

குடும்பம் செழிக்க வரும்படி மட்டும் போதாது. செலவிலும் நிதானம் வேண்டும். தேகத்தின் விஷயமும் அப்படியே. ஒருவனால் அதிகபட்சம் எவ்வளவு பிராணவாயுவை உபயோகிக்க முடியுமோ, அது அவனுடைய வரும்படி. குறித்த வேகத்தில் ஓட எவ்வளவு தேவைப்படுகிறதோ, அது செலவு. ஒரே வேகத்தில் ஓடும் இருவரில் குறைந்த பிராணவாயுவைக் கொண்டு ஓடுகிறவனே சிக்கனக்காரன்.

இதைக் கைப்பந்தாட்டத்தோடு பொருத்திப் பார்ப்போம். 1895-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் இவ்வாட்டத்தை அமைத்தார். இன்று வலைக்கு ஒரு பக்கம் ஆறு பேர் ஆடும் இடம் 9 மீட்டர் சதுரமே. இரண்டு மூன்று அடி பாய்வது, சட்டென்று நிற்பது, எழும்புவது, மறுபடி பின்வாங்குவது - இவைதாம் இங்கே ஓட்டம். ஆயினும் நம் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடிய பிறகே பிள்ளைகள் பந்தைத் தொடுகிறார்கள். கிடைக்கும் ஒரு மணியில் பாதி இப்படிக் கழிந்துவிடுகிறது.

பந்தோடு செய்யும் பயிற்சி ஓட்டத்துக்கும் உதவுமா? உதவும் என்று கருத நியாயம் உண்டு. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண், கால் தரையில் ஊன்றும்போது வில்லைப்போல் இழுபட்டு, எழும்பும்போது அந்தச் சக்தியைத் திருப்பித் தருகிறது. அவ்வளவுக்குத் தசைகளின் செலவு மிச்சம். 1999-இல் பின்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர்கள் ஓட்டக்காரர் சிலரின் பயிற்சியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை மாற்றி, குதித்தலும் குறுகிய வேக ஓட்டமும் 9 வாரம் பழக்கினார்கள். அவர்களுடைய 'வரும்படி' உயரவில்லை, செலவு குறைந்தது, 5 கிலோமீட்டரை முன்னிலும் விரைவாக ஓடினார்கள். அவர்கள் பந்துக்காகக் குதிக்கவில்லை என்பது மெய்யே. ஆகையால் கைப்பந்தாட்டக்காரருக்கும் அதே அளவு பலன் கிட்டுமென்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் பந்தை அடிக்க எழும்பும் காலிலும் அதே தசைநாண்தான் வேலை செய்கிறது.

இன்னொரு சிக்கனமும் உண்டு. பந்தின் போக்கை முன்கூட்டி அறிந்தவன் இரண்டடியில் சேரும் இடத்துக்குப் பழகாதவன் நான்கடி வைக்கிறான். 1964-ஆம் வருஷத்து டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற ஜப்பானியப் பெண்களில் பெரும்பாலோர் ஒரே நூற்பாலையைச் சேர்ந்தவர்கள். பந்தைப் பாய்ந்து எடுத்து, உருண்டு, உடனே எழுந்து நிற்கும் வித்தையை ஓயாமல் பழகியதே அவர்களுடைய புகழுக்குக் காரணம். அப்பயிற்சியின் கடுமையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அதன் நோக்கத்தைப் பின்பற்றலாம்.

எச்சரிக்கையும் அவசியம். அளவுக்கு மிஞ்சிக் குதித்தால் முழங்கால் நோகும். முழங்காலை மடக்கி, இரு காலிலும் இறங்கக் கற்பிக்க வேண்டும். இடையிடையே ஓய்வு நாள் வேண்டும். ஆட்டம் ஐந்து 'செட்' வரை நீளக் கூடுமாதலால், நெடு ஓட்டத்தையும் அடியோடு தள்ளிவிடலாகாது. பலனை அறியப் பெரிய கருவி தேவையில்லை. மாதம் ஒரு முறை, ஒரே தூரத்தை ஒரே நேரத்தில் ஓடச் செய்து நாடியை எண்ணினால் போதும். துடிப்பு குறைந்தால், அந்த ஓட்டம் உடலுக்கு எளிதாயிற்று என்று கொள்ளலாம்.

பத்துச் சுற்று ஓடச் சொல்வது உபாத்தியாயர்களாகிய நமக்கு எளிது. பந்தைக் கொடுத்துக் கற்பிப்பதே கஷ்டம். ஆனால் அரை வயிற்றுக் கஞ்சியோடு மைதானத்துக்கு வரும் பிள்ளைகளும் நம் தேசத்தில் உண்டு. அவர்களுடைய சக்தியில் ஒரு துளியையும் வீணாக்க நமக்கு உரிமை இல்லை.