புல்லட்டின் உயிர்நாடி: பழைய எஞ்சினில் எண்ணெய் ஓட்டத்தைச் சோதிப்பது எப்படி?



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்கும்போதெல்லாம் கல்வெட்டு, நிகண்டு என்று எதையாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இம்முறை என் பிழைப்பு சார்ந்த ஒன்றை எழுதத் துணிந்தேன். நாக்பூரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக பேரிங், ஆயில் சீல் வியாபாரம் செய்கிறவன் நான். பொறியியல் படித்தவன் அல்ல. கடையில் உட்கார்ந்தபடியே புத்தகம் பார்த்தும், மெக்கானிக்குகளிடம் கேட்டும் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். நம் சங்கத்துக் குடும்பங்களில் சில வீட்டு வாசலில் அப்பாவோ சித்தப்பாவோ ஓட்டிய பழைய புல்லட் இன்றும் நிற்கிறது. பிள்ளைகள் அதைப் பிரித்துப் புதுப்பிக்க ஆசைப்படுகிறார்கள். அவர்கள் என்னைப் போல் ஏமாறக் கூடாது என்பதே இதை எழுதக் காரணம்.

இங்கிலாந்தில் பிறந்து திருவொற்றியூரில் வளர்ந்தது

ராயல் என்ஃபீல்டு புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வண்டி. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கி, திருவொற்றியூரில் வண்டி தயாராகத் தொடங்கியது. தாய் வீட்டில் உற்பத்தி நின்று போன பிறகும் இங்கே அதே வார்ப்பிரும்பு எஞ்சின் 2000-களின் இறுதி வரை வந்துகொண்டிருந்தது. நான் சொல்வது அந்தப் பழைய, நான்கு கியர், வார்ப்பிரும்பு எஞ்சின் 350 பற்றித்தான். பின்னால் வந்த எஞ்சின்களின் அமைப்பு வேறு.

பாடநூல்களில் 'உயவு எண்ணெய்' என்கிறார்கள், பத்திரிகைகளில் 'மசகு எண்ணெய்' என்கிறார்கள். பட்டறையில் எல்லாருக்கும் அது 'ஆயில்'தான். இந்த வண்டியில் ஆயில் ஒரே இடத்தில் இல்லை. எஞ்சினுக்கு ஒன்று, கிளட்ச் இருக்கும் பிரைமரி செயின் கேஸுக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு ஒன்று என மூன்று தனித்தனி அறைகள். ஒன்றில் ஊற்றியது மற்றொன்றுக்குப் போகாது. இன்றைய பைக்குகளை மட்டுமே பார்த்த பையன்களுக்கு இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆயில் போகும் பாதை

எஞ்சின் ஆயில் இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். அதற்கான டேங்க் கிராங்க் கேஸின் பின்பக்கத்திலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. வலப்பக்கத்து டைமிங் கவருக்குள் இரண்டு பம்புகள் உண்டு. ஒன்று ஆயிலை எஞ்சினுக்குள் அனுப்புவது, மற்றொன்று கீழே வடிந்ததை எடுத்து டேங்குக்குத் திருப்புவது. திருப்பும் பம்ப்பின் கொள்ளளவு அதிகம். கீழே ஆயில் தேங்கக் கூடாது என்பதற்காக. கிராங்க் பல சுற்று சுற்றினால்தான் பம்ப் ஒரு சுற்று சுற்றும். ஆகவே இது நிதானமாக வேலை செய்யும் சாதனம்.

அனுப்பும் பம்ப்பிலிருந்து கிளம்பும் ஆயில் ஃபில்டரைக் கடந்து, டைமிங் கவரில் உள்ள துளை வழியாகக் கிராங்க் ஷாஃப்டின் முனைக்கு வருகிறது. கவர் அசையாதது, ஷாஃப்ட் சுழல்வது. இரண்டுக்கும் இடையே ஆயில் சிந்தாமல் கடக்க ஒரு சின்ன கார்க் வளையம் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் ஷாஃப்டின் உள்துளை, ஃபிளைவீல், கிராங்க் பின் என்று போய், கடைசியில் கனெக்டிங் ராடின் பெரிய முனையான 'பிக் எண்ட்' சேர்கிறது. அங்கிருந்து தெறிப்பதுதான் சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும். பிறகு கீழே வடிந்து டேங்குக்குத் திரும்புகிறது. மேலே ராக்கர்களுக்கு வெளிக் குழாய் வழியாக ஆயில் போகிறது.

பல வண்டிகளில் பிக் எண்டில் உருளை பேரிங் இருக்கும். அது கொஞ்ச நேரம் ஆயில் குறைந்தாலும் தாக்குப் பிடிக்கும். இந்தப் புல்லட்டில் இருப்பதோ மிதக்கும் புஷ்; உள்ளும் புறமும் மென்மையான வெள்ளை உலோகப் பூச்சு கொண்டது. ஆயில் படலம் இருக்கும் வரை உலோகத்தை உலோகம் தொடாது. படலம் போனால் புஷ்ஷும் போச்சு.

நான் பட்ட பாடு

என் அண்ணன் 1976-ல் சென்னையில் புல்லட் வாங்கினார். திண்டிவனம் பக்கம் எங்கள் ஊருக்குள் அது நுழைந்தால் ஏரிக்கரையிலேயே சத்தம் கேட்கும். 2006-ல் அவர் காலமானார். அண்ணி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, விக்க மனசு வரலை. நீங்க எடுத்துட்டுப் போங்க, ஓடற மாதிரி வெச்சுக்கோங்க" என்று சாவியைக் கொடுத்தார். ரயிலில் ஏற்றி நாக்பூர் கொண்டு வந்தேன்.

2009-ல் தெரிந்த ஒரு பட்டறையில் எஞ்சினை முழுக்கப் பிரித்தோம். பேரிங் வியாபாரி வீட்டு வண்டி அல்லவா, எல்லா பேரிங்கும் புதிது. நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். கடைசி நாள் டைமிங் கவரை மூடும் வேலை. நாங்கள் தமிழ்ச் சமணர். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. மணி ஐந்தரை. கார்க் பழசாகவே இருந்தது. மெக்கானிக் "நாளைக்குப் புதுசு போட்டு மூடலாமா?" என்று கேட்டார். "அதான் முழுசா இருக்கே, மூடுங்க" என்றவன் நான்தான்.

மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆனது. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தோம். ஆயில் அழகாகத் திரும்பி விழுந்தது. ராக்கர் குழாயின் போல்ட்டைத் தளர்த்தினோம், அங்கேயும் கசிந்தது. எல்லாம் சரி என்று கிளம்பினேன். 38 கிலோமீட்டரில் எஞ்சினின் அடியிலிருந்து 'டொக் டொக்' சத்தம். பிரித்துப் பார்த்தால் பிக் எண்ட் புஷ் உருகி, ஃபில்டர் முழுக்க வெள்ளித் தூள்.

காரணம் அந்தக் கார்க். காய்ந்து இறுகிப் போயிருந்தது, ஷாஃப்ட் முனையை அழுத்தவே இல்லை. பம்ப் அனுப்பிய ஆயில் அங்கேயே வெளியேறி டைமிங் அறையில் வழிந்து, கீழே இறங்கி, நல்ல பிள்ளையாக டேங்குக்குத் திரும்பியது. நாங்கள் பார்த்த ஆயில் பொய்யில்லை. ஆனால் அது பிக் எண்டுக்குப் போய்வந்த ஆயில் இல்லை. அண்ணியிடம் போனில் சொல்லும்போது எனக்குக் குரல் எழவில்லை. "வண்டிதானே தம்பி, மறுபடி செய்யுங்க" என்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு கார்க் சொன்ன செய்தி

அதன் பிறகுதான் பேரிங் பற்றி ஊன்றிப் படித்தேன். 1883-ல் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்பவர் ரயில் வண்டி அச்சு போன்ற பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். பேரிங்கின் மேல்பக்கம் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சு சுழலும்போது அந்தத் துளை வழியே எண்ணெய் வெளியே வந்தது. கார்க்கால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரத்தக்கையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இடுக்குக்குள் இழுத்து, தன் பாரத்தையே தாங்கும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது இப்படித் தெரியவந்தது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார். மழையில் தேங்கிய நீர்மேல் சக்கரம் ஏறி வழுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் தரையைத் தொடுவதே இல்லை.

நமக்கு இதில் உள்ள பாடம் என்ன? பாரத்தைத் தாங்கும் அழுத்தத்தைப் பேரிங்கே உண்டாக்கிக்கொள்ளும். பம்ப்பின் வேலை அந்த இடத்துக்கு ஆயிலைத் தடையில்லாமல் கொண்டு சேர்ப்பது. ஆகவே சேர்ந்ததா என்பதைச் சேர வேண்டிய இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

மூடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவது, துளைகள். கிராங்க் கேஸ், டைமிங் கவர், ஃபிளைவீல் ஆகிய எல்லாவற்றிலும் உள்ள ஆயில் வழிகளை மண்ணெண்ணெயால் கழுவி, காற்றடித்து, மறுமுனையில் காற்று வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். கேஸ்கெட்டின் துளையும் கவரின் துளையும் நேராக இருக்கட்டும். கேஸ்கெட் பேஸ்ட்டை அள்ளிப் பூசினால் பிதுங்கித் துளையை அடைத்துவிடும்.

இரண்டாவது, பம்ப். அதன் தட்டு அசைந்து அசைந்து துளைகளைத் திறந்து மூடுகிறது. தட்டும் அது உட்காரும் முகமும் கீறலின்றிச் சமமாக இருக்க வேண்டும். மாட்டும்போது பம்ப் அறைகளிலும் ஃபில்டர் அறையிலும் ஆயிலை நிரப்புங்கள். காற்று அடைத்துக்கொண்டால் பம்ப் வெறுமனே சுற்றும்.

மூன்றாவது, கார்க். கவரைக் கழற்றினாலே புதியது போடுங்கள். ஆயிலில் ஊறவைத்துப் பொருத்துங்கள். ஸ்குரூ போடாமல் கவரைக் கையால் வைத்தால், கார்க் தடுப்பதால் கவர் சற்றே எகிறி நிற்க வேண்டும். ஒருமுறை இறுக்கிக் கழற்றினால் கார்க்கின் மேல் ஷாஃப்ட் முனையின் வட்டத் தடம் முழுதாக, நடுவில் விழுந்திருக்க வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். சிலிண்டரை மாட்டும் முன்பே, பம்ப், கார்க், டைமிங் கவர் எல்லாம் மாட்டிய நிலையில், கவரில் பிக் எண்ட் வழிக்கென உள்ள சிறு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஆயில் கேனின் மூக்கை வைத்து அழுத்துங்கள். இடையிடையே கிராங்க்கைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கனெக்டிங் ராடின் இரு பக்கமும் ஆயில் கசிந்து சொட்ட வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகே சிலிண்டரை இறக்குங்கள். இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம்.

முதல் ஸ்டார்ட்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைப் பல முறை மிதியுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, மிதமான வேகத்தில் விட்டு மூன்று இடங்களைப் பாருங்கள். டேங்கில் ஆயில் திரும்பினால் திருப்பும் பம்ப் நலம், அவ்வளவுதான் பொருள். கிராங்க் கேஸில் முன்பே ஊற்றிய ஆயில்கூட அப்படித் திரும்பும். ராக்கர் போல்ட்டைத் தளர்த்தினால் கசிய வேண்டும். மேலே போகிறது என்று பொருள். டைமிங் கவரின் பிளக்கைச் சற்றுத் தளர்த்தினால் ஆயில் துடித்து வர வேண்டும். கார்க் வரை வந்துவிட்டது என்று பொருள். அதற்கப்பால் உள்ளதை நீங்கள் ஏற்கெனவே கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி ஃபில்டரைப் பாருங்கள். காந்தத்தை நம்பாதீர்கள். வெள்ளை உலோகம் காந்தத்தில் ஒட்டாது. கண்ணால்தான் தேட வேண்டும்.

இன்னொரு விஷயம். ஊருக்குப் போய் இருபது நாள் கழித்து வந்து டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். பதறி ஊற்றாதீர்கள். நின்ற வண்டியில் டேங்க் ஆயில் பம்ப் வழியாகக் கிராங்க் கேஸுக்குள் மெல்ல இறங்கியிருக்கும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பிறகு அளவு பாருங்கள். முன்பே ஊற்றினால் அளவு மீறி, புகையும் கசிவும்தான் மிஞ்சும்.

2010-ல் இரண்டாம் முறை எஞ்சினை மூடியபோது அந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்தேன். பிக் எண்டின் ஓரத்தில் முதல் சொட்டு திரண்டு விழுந்ததைப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கிளம்பினேன். அன்று பொழுது சாய்ந்துவிட்டது. இரவு சாப்பாடு இல்லை. அண்ணன் வண்டி இன்றும் ஓடுகிறது. போன தீபாவளிக்கு அண்ணியிடம் போனில் அதன் சத்தத்தைக் கேட்க வைத்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவரு தெருமுனை திரும்பற மாதிரியே இருக்கு தம்பி" என்றார்.

வீட்டில் பழைய புல்லட்டைப் பிரிக்கும் பிள்ளைகள் யாராக இருந்தாலும் என் கடைக்கு வரலாம். கார்க் வளையத்துக்குக் காசு வாங்குவதில்லை.