ஜவ்வாது மலையில் ஒரு ‘நாடு’: புதூர்நாட்டுச் சாமையும் காம்பியா தரும் பாடமும்

நாடு என்றால் தேசம் என்பது இன்றைய பொருள். பல ஊர்கள் சேர்ந்த வட்டாரத்தையும் முன்னாளில் நாடு என்றே அழைத்தனர். மலைப்பகுதிகளில் அந்த வழக்கு இன்றும் உள்ளது. திருப்பத்தூரை அடுத்த ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மூன்று நாடுகள் உண்டு. 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் இவை அடங்கும்.

இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையில் வாழ்வதால் வந்த பெயர் இது. கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இம்மக்களிடையே வழங்கும் வரலாறு. புளி, பலா, தேன், கடுக்காய் ஆகியவை மலையின் செல்வங்கள். மானாவாரிச் சரிவுகளில் விளையும் முக்கியப் பயிர் சாமை.

ஆப்பிரிக்காவில் ஒரு சாமை

சாமையைப் போன்றே பொடித் தானியம் விளையும் சிறிய நாடு ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ளது. 1965-ல் விடுதலை பெற்ற காம்பியாதான் அது. பரப்பு சுமார் 11,300 சதுர கிலோமீட்டர். தமிழகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காம்பியா ஆற்றின் இரு கரைகளே நாடு. மூன்று புறமும் செனகல். ஒரு புறம் கடல்.

அங்கு பணப்பயிர் நிலக்கடலை. உண்ணும் அரிசியில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. ஆனால் ‘ஃபிண்டி’ என்னும் சிறுதானியம் அம்மண்ணிலேயே விளைகிறது. வளமற்ற மண்ணிலும் இரண்டு, மூன்று மாதங்களில் அறுவடைக்கு வந்து, பஞ்ச மாதங்களில் பசி தீர்ப்பது இதுவே. இருந்தும் இது பின்தங்கியதற்கு முக்கியக் காரணம், உமி நீக்கும் கஷ்டம். பெண்கள் மணிக்கணக்கில் உரலில் குத்த வேண்டியிருந்தது. பக்கத்து நாடான செனகலின் பொறியாளர் சனூசி தியாகித்தே, 1990-களில் இதற்கென ஓர் இயந்திரம் உருவாக்கி, 1996-ல் சர்வதேச விருது பெற்றார்.

லாபம் எங்கே போகிறது?

புதூர்நாட்டிலும் கதை இதுதான். ரேஷன் அரிசி வந்த பின் சாமைச் சோறு குறைந்தது. உரலில் குத்தும் வேலைக்கு இளம்பெண்கள் தயங்குவதில் வியப்பில்லை. விளைந்த சாமையை உமியோடு விற்றால், அரிசியாக்கும் லாபம் மலையை விட்டு இறங்கிவிடும்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. 100 கிலோ சாமையில் சுமார் 60 கிலோ அரிசி கிடைக்கும். ஒரு கிலோ சாமை அரிசியின் விலையை 60-ஆல் பெருக்கி, அரைவைக் கூலியையும் ஏற்றுமதி இறக்குமதிச் செலவையும் கழிக்க வேண்டும். மீதியை 100 கிலோ சாமையின் விலையோடு ஒப்பிட்டால், நஷ்டம் எவ்வளவு என்பது விளங்கும். தவிடு மாட்டுத் தீவனமாவது தனி.

கவனிக்க வேண்டியவை

ஆனி, ஆடியில் மழை கிடைத்ததும் தாமதமின்றி விதைத்தால் குருத்து ஈயின் தாக்குதல் குறையும். வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். களை எடுப்பதும் சுலபம். அத்தியந்தல் சிறுதானிய மையத்திலிருந்து 2019-ல் வெளியான ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகமும் மானாவாரிக்கு ஏற்றது. ஆயினும் மலையின் நாட்டு விதையைக் கைவிடாமல் ஒரு பகுதியிலேனும் பயிரிட்டு வருவது நல்லது.

கதிரைத் தார்ப்பாயின் மீது அடித்தால் கல் கலக்காது. சாமையளவே உள்ள பொடிக்கல்லைப் பிறகு பிரிப்பது சிரமம். நன்கு காய்ந்த சாமை உமியோடு பல ஆண்டுகள் இருக்கும். அரிசியாக்கினால் சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும். எனவே தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக அரைப்பதே சிறந்தது. அதிகம் தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும்.

தனி விவசாயிக்கு உமி நீக்கும் இயந்திரம் கட்டுப்படியாகாது. பத்து, இருபது பேர் குழுவாகச் சேர்ந்தால் இயலும். இதற்கான மானியம் பற்றி வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் வேளாண்மைப் பொறியியல் துறையிலும் விசாரிக்கலாம். சாமை மலையிலேயே அரிசியானால், அதன் லாபமும் அங்கேயே தங்கும். வீட்டுப் பானையிலும் சாமைச் சோறு மீண்டும் வேகும்.