வீட்டுப் பட்டறை – 14: அழுத்துவது எளிது, விடுவதே வேலை

சென்ற வாரம் பழைய 350 சிசி புல்லட்டின் ஹெட்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். ராக்கர்கள் வெளியே வந்துவிட்டன. புஷ் ராடுகள் இரண்டும், எது இன்டேக், எது எக்ஸாஸ்ட் என்று சீட்டு ஒட்டப்பட்டுத் தனியே இருக்கின்றன. இந்த வாரம் வால்வு ஸ்பிரிங்குகளை மாற்றப்போகிறோம். இந்தத் தொடரில் இதுவரை செய்த வேலைகளில் வாசகர்கள் அதிகம் தயங்கும் வேலை இதுதான். சரியான கருவியும் சரியான வரிசையும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே இதைப் பழுதில்லாமல் செய்து முடிக்கலாம்.

நாம் எடுத்துக்கொண்டிருப்பது திருவொற்றியூர் தொழிற்சாலையில் அரை நூற்றாண்டுக் காலம் உருவான வார்ப்பிரும்பு இஞ்சின். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. ஒரே சிலிண்டர், இரண்டே வால்வுகள். ஒவ்வொரு வால்வுக்கும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங்குகள். ஆக மொத்தம் நான்கு. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இஞ்சின் கிடைப்பது அரிது.

வால்வைத் திறப்பது கேம். மூடுவது ஸ்பிரிங். நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். இஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அதே வேகத்தில் மூன்று மணி நேரம் ஓட்டினால் 2,70,000 முறை. அத்தனை முறையும் ஸ்பிரிங் சுருங்கி, நிமிர்ந்து, வால்வை அதன் சீட்டில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

ஸ்பிரிங் தளர்ந்தால் என்ன ஆகும்? வேகம் கூடும்போது கேம் இறங்கும் வேகத்துக்கு வால்வால் பின்தொடர முடியாது. கேமை விட்டு மேலே மிதக்கும், அல்லது சீட்டில் மோதித் துள்ளும். மூட வேண்டிய நேரத்தில் மூடாததால் கம்ப்ரஷன் கசியும். இழுவை குறையும். எக்ஸாஸ்ட் வால்வுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எரிந்த வாயுவின் சூட்டை வாங்கும் அந்த வால்வு, சீட்டில் அழுந்தி உட்காரும் நேரத்தில்தான் தன் சூட்டில் பெரும்பகுதியை ஹெட்டுக்குக் கொடுக்கிறது. சரியாக உட்காராத வால்வு குளிராது. குளிராத வால்வின் விளிம்பு எரிந்துபோகும். ஸ்பிரிங்கில் மிச்சம் பிடிக்கப் பார்த்தவர் கடைசியில் வால்வுக்கும் சீட்டுக்கும் சேர்த்துச் செலவழிப்பார்.

இரண்டு ஸ்பிரிங் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியை உதறினால் மறுநுனி வரை அலை ஓடுவதுபோல, வேகமாக இயங்கும் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்குள்ளும் ஒரு அதிர்வு ஓடும். அந்த அதிர்வு பெருகினால் ஸ்பிரிங் தன் பலத்தை இழக்கும், சில வேளை முறியும். உள்ளே வேறொரு அளவில் இன்னொரு ஸ்பிரிங் இருந்தால், இரண்டும் ஒரே வேகத்தில் சேர்ந்து அதிர வாய்ப்பில்லை. ஒன்று முறிந்தாலும் மற்றது வால்வை சிலிண்டருக்குள் விழாமல் தாங்கும். இரண்டையும் எதிரெதிர் திசையில் சுற்றியிருப்பார்கள். ஒன்றின் சுற்று மற்றொன்றின் இடைவெளியில் சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காக.

ஸ்பிரிங்கே வேண்டாம் என்று வழி கண்டவர்களும் உண்டு. வால்வை மூடவும் ஒரு தனி கேமை வைக்கும் டெஸ்மோட்ரோமிக் முறையை 1950களில் டுகாட்டியில் ஃபாபியோ டாக்லியோனி வெற்றிகரமாக்கினார். 1986இல் ரெனோ தன் ஃபார்முலா ஒன் இஞ்சினில் உலோக ஸ்பிரிங்குக்குப் பதிலாக அழுத்தமேற்றிய வாயுவை வைத்தது. ஆனாலும் இன்று சாலையில் ஓடும் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை இந்தச் சுருள் கம்பியைத்தான் நம்பியிருக்கின்றன.

இனி கருவி. வால்வு ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்பது காற்றடிக்கும் கம்ப்ரஸர் அல்ல. பெரிய ஜி கிளாம்ப் போன்ற ஒன்று. ஒரு முனை வால்வின் முகத்தில் உட்காரும். கவைபோல் பிரிந்த மறுமுனை, ஸ்பிரிங்கின் மேல் இருக்கும் தொப்பி வளையத்தில் உட்காரும். திருகினால் வளையம் கீழே போகும். வால்வுத் தண்டின் பள்ளத்தில் கவ்வியிருக்கும் இரண்டு சிறிய வால்வு லாக்குகள் விடுபடும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும், மற்ற ஊர்களில் பட்டறைக் கருவிகள் விற்கும் கடைகளிலும் கேளுங்கள். உங்கள் ஹெட்டின் அளவுக்கு வாய் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தே லாக்கைக் கழற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். லாக் எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வால்வுத் தண்டும் வளையலாம். தவிர, அடித்துக் கழற்றலாமே ஒழிய, அடித்து மாட்ட முடியாது.

கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். குழந்தைகளை மேசைக்கு எதிரே நிற்க விடாதீர்கள். ஹெட்டைப் பழைய துணியின் மேல் வையுங்கள். கிளாம்ப்பின் இரு முனைகளும் வால்வுத் தண்டின் நேர்கோட்டில் இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் வழுக்கும். கொஞ்சம் இறுக்கியதும் வளையம் நகராமல் அடம் பிடித்தால் அது லாக்கோடு ஒட்டியிருக்கிறது என்று பொருள். மேலும் திருகாமல், கிளாம்ப்பின் தலையில் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். ‘டக்’ என்று விடும். லாக்குகள் விடுபடும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். காந்தக் குச்சியால் இரண்டையும் எடுத்துவிட்டு, திருகைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். அழுத்திய ஸ்பிரிங்குக்குள் நீங்கள் கொடுத்த பலம் முழுவதும் அப்படியே இருக்கிறது. அவசரப்பட்டால் அது மொத்தமும் ஒரே நொடியில் வெளியே வரும்.

வால்வை உருவும் முன் தண்டின் நுனியையும் லாக் உட்காரும் பள்ளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் எண்ணெய்க் கல்லால் தேய்த்த பிறகே உருவ வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிசிறு, வால்வுத் தண்டு ஓடும் குழாயான கைடைக் கீறிவிடும். இன்டேக்கின் பாகங்களை ஒரு டப்பாவிலும் எக்ஸாஸ்டின் பாகங்களை இன்னொன்றிலும் போடுங்கள்.

ஸ்பிரிங் தளர்ந்ததா என்று பார்வையில் தெரியாது. மூன்று சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, வெர்னியரில் அதன் முழு நீளத்தை அளந்து சர்வீஸ் புத்தகத்தின் அளவோடு ஒப்பிடுவது. இரண்டாவது, கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தி, மூலைமட்டத்தை ஒட்டி வைத்துச் சாய்வு பார்ப்பது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழையதையும் புதியதையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, நடுவே ஒரு தகட்டைக் கொடுத்து, வைஸில் மெல்ல இறுக்குங்கள். இரண்டுக்கும் கிடைப்பது ஒரே அழுத்தம். பழையது அதிகம் சுருங்கினால் அது தளர்ந்துவிட்டது. எந்த மீட்டரும் இல்லாமல் கிடைக்கும் உறுதியான தீர்ப்பு இது.

ஒன்று மோசமாக இருந்தாலும் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். எல்லாமே ஒரே அளவு உழைத்தவை. புதிய ஸ்பிரிங்கைக் குறடால் பிடிக்காதீர்கள். மெல்லிய கீறல் போதும், லட்சக்கணக்கான முறை சுருங்கும் கம்பியில் விரிசல் அங்கேதான் தொடங்கும். துருப்புள்ளி உள்ள ஸ்பிரிங் புதியதாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருந்தால் அந்த முனை ஹெட்டின் பக்கம் இருக்க வேண்டும்.

மாட்டும்போது வால்வுத் தண்டில் இஞ்சின் ஆயிலைத் தடவிக் கைடுக்குள் செலுத்துங்கள். அடி வளையம், இரண்டு ஸ்பிரிங்குகள், தொப்பி வளையம் என்று வரிசையாக வைத்து கிளாம்ப்பை இறுக்குங்கள். தண்டின் பள்ளத்தில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் லாக் அதிலேயே ஒட்டி நிற்கும். இரண்டு லாக்குகளும் ஒரே உயரத்தில், இடைவெளி சமமாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே தளர்த்தத் தொடங்குங்கள். முழுவதும் தளர்ந்ததும் ஹெட்டின் மேல் கனத்த துணியைப் போர்த்தி, தண்டின் நுனியில் மரச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுங்கள். லாக் சரியாக உட்காரவில்லையென்றால் இப்போதே, துணிக்குள்ளேயே, தெரிந்துவிடும்.

கடைசியாகக் கசிவுச் சோதனை. ஹெட்டைத் திருப்பி இன்டேக் போர்ட்டில் டீசல் ஊற்றுங்கள். வால்வின் விளிம்பில் ஈரம் கசிகிறதா என்று சில நிமிடங்கள் பாருங்கள். எக்ஸாஸ்டுக்கும் அப்படியே. கசிந்தால் குறை ஸ்பிரிங்கில் இல்லை, சீட்டில். வால்வைத் திரும்பக் கழற்றி, கிரைண்டிங் பேஸ்ட் தடவி, சீட்டோடு சேர்த்துத் தேய்க்க வேண்டும். சீட் ஆழமாகக் குழி விழுந்திருந்தால் லேத் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். அது வீட்டில் செய்யும் வேலையல்ல.

இந்தக் கருவி ஒருவருக்கு எப்போதாவது ஒருமுறைதான் தேவைப்படும். தெருவில் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது வீட்டில் உள்ள பெண்ணையோ பையனையோ பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணாடி மாட்டிவிட்டு, அந்தத் திருகை அவர்கள் கையில் கொடுங்கள். தன் வண்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

அடுத்த வாரம்: ஹெட்டை மாட்டுவதும், டேப்பெட் வைப்பதும்.

(தொடரும்)