மணல் கட்டிய கல் தோரணம்!

மணலி புதுநகரில் மலை கிடையாது. குன்று கிடையாது. மருந்துக்குக்கூட ஒரு பாறை கிடையாது!

ஊர்ப் பெயரிலேயே மணல் இருக்கிறது. காலடியிலும் மணலும் களிமண்ணும்தான். பக்கத்தில் கொசஸ்தலை ஆறு ஓடுகிறது. அதற்கு அப்பால் எண்ணூர் கழிமுகம். பிறகு கடல்.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பெரிய கல்லைப் பார்க்க வேண்டுமானால், எண்ணூர் கடற்கரைச் சாலைக்குத்தான் போக வேண்டும். கடல் அரிப்பைத் தடுக்க அங்கே கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அவை அந்த ஊர்க் கற்கள் அல்ல. எங்கோ ஒரு மலையில் வெடி வைத்துப் பிளந்து, லாரியில் ஏற்றி வந்தவை.

உளி படாத கல்லைப் பார்க்க ஆசையா? அதுவும், தானாகவே வளைந்து தோரணம்போல நிற்கும் கல்லை? திருப்பதிக்குப் போகும் குடும்பத்தினர் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்கினால் போதும்.

சிலாதோரணம்

திருமலையில் ஏழுமலையான் கோவிலுக்கு வடக்கே சுமார் 1 கிலோ மீட்டர் தூரத்தில், சக்கர தீர்த்தத்துக்கு அருகே ஒரு சிறு பூங்கா இருக்கிறது. சாமி தரிசனம் முடிந்ததும் லட்டு வாங்கிக்கொண்டு மலையிறங்கி விடுகிறவர்களே அதிகம். அவர்கள் இதைப் பார்ப்பது இல்லை.

பூங்காவின் நடுவே வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்கு அப்பால் நிற்கிறது அந்தக் கல் வளைவு. "சிலா" என்றால் கல். ஆகவே அதன் பெயர் சிலாதோரணம்.

வளைவின் அகலம் சுமார் 26 அடி. உயரம் சுமார் 10 அடி. ஒரு கல்யாண வீட்டு வாசல் பந்தல் அளவுதான்! "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று சிலருக்குத் தோன்றலாம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் உள்ள வானவில் பாலம் என்ற கல் வளைவு 290 அடி உயரம். அதன் முன்னே இது குழந்தைதான். ஆனால் வயதில் அப்படி அல்ல. திருமலை வளைவின் கல்லுக்கு வயது சுமார் 150 கோடி ஆண்டுகள்!

திருமால் மலைமீது வைத்த இரண்டாவது அடி இந்த இடத்தில்தான் பட்டது என்று பக்தர்கள் நம்புகிறார்கள். 1980-களில் மண்ணியல் நிபுணர்கள் இந்தப் பக்கம் ஆராய்ச்சி நடத்தி, வளைவின் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். இந்திய மண்ணியல் ஆய்வுத் துறை இதைப் பாதுகாக்கப்பட வேண்டிய இயற்கைச் சின்னமாக அறிவித்தது. 2025-ல் திருமலை மலைகளின் இயற்கைச் செல்வம், உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோ உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றது.

பொரி உருண்டை

இந்த வளைவைச் செய்தது யார்? மழைதான்! ஆனால் அதற்கு முன்பு, கல் எப்படி வந்தது என்று தெரிய வேண்டும்.

150 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே மலை இல்லை. தண்ணீர் நின்றது. அதன் அடியில் மணல் படிந்தது. ஒரு படிவின்மேல் இன்னொரு படிவு. இப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்துகொண்டே போயிற்று. மேலே ஏறிய பாரம் அடியில் கிடந்த மணலை அழுத்தியது. மணலுக்கு இடையே ஊறிய சிலிக்கா என்ற பொருள், அதை ஒட்ட வைத்தது.

பொரி உருண்டை பிடிக்கும்போது பாகு என்ன செய்கிறது? தனித்தனிப் பொரியை ஒன்றாகச் சேர்த்துக் கெட்டிப்படுத்துகிறது அல்லவா? அதேபோலத்தான். மணல் கல்லாயிற்று. அந்தக் கல்லுக்குக் குவார்ட்சைட் என்று பெயர். சுத்தியலால் தட்டினால் சுத்தியல்தான் திரும்பி வரும். அவ்வளவு கெட்டி!

பிறகு பூமி அசைந்தது. கடினமான கல் உயர்ந்தது. விரிசல்கள் விழுந்தன. அந்த விரிசல்களில் மழைநீர் புகுந்தது. பாறையில் எங்கே பலம் குறைவோ, அங்கே அரித்தது. அடியில் இருந்த கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து விழுந்தது. மேலே இருந்த பலமான கல் மட்டும் பாலம்போல நின்றுவிட்டது.

கிழிந்த தாள்கள்

மலைப்பாதையில் இன்னொரு அதிசயமும் உண்டு. பேருந்து வளைந்து வளைந்து போகும்போது, சாலையோரப் பாறைச் சுவரில் மேலே படிவு படிவாக அடுக்கிய குவார்ட்சைட்டும், கீழே அடுக்கு இல்லாத கிரானைட் கல்லும் தெரியும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் விரல் வைத்தால், விரலுக்கு மேலே ஒரு காலம். கீழே ஒரு காலம். நடுவே சுமார் 80 கோடி ஆண்டுகள் காணவில்லை!

பாடப் புத்தகத்தில் 20-ம் பக்கத்துக்கு அடுத்து 60-ம் பக்கம் வந்தால், நடுவே தாள் கிழிந்துபோயிற்று என்று தெரிந்துகொள்கிறோம். அதேபோல அந்தக் காலத்துப் பாறைகள் இங்கே மிஞ்சவில்லை. ஓட்டுநர் பேருந்தை நிறுத்த மாட்டார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

உடைத்த மலை

சென்னைக்காரர்களுக்கு இதைவிடப் பழைய கல் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். திருமலை வளைவைவிட 100 கோடி ஆண்டு மூத்தது!

அந்தக் கல்லின் கதை வேறு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறை இருக்கிறது. 1690-களில் இறந்தவர். அவர் கல்லறைக்கு வைத்த கல், பல்லாவரத்துக் கல். 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற மண்ணியல் அறிஞர் அதே வகைக் கல்லை ஆராய்ந்து, சார்னாக்கின் நினைவாகச் "சார்னோக்கைட்" என்று பெயரிட்டார். இன்று உலகத்தில் எந்த நாட்டில் அந்தக் கல் கிடைத்தாலும் அதே பெயர்தான். 1975-ல் பல்லாவரத்தில் ஓர் இடம் தேசிய மண்ணியல் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கௌரவம் கிடைத்தது. குன்று கிடைத்ததா? சென்னையைச் சுற்றியிருந்த குன்றுகளில் பல, ஜல்லியாகி வீடுகளுக்கும் சாலைகளுக்கும் போய்விட்டன. திருமலையில் மழை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கல்லை அரித்தது. இங்கே வெடிமருந்து ஓர் ஆயுளுக்குள் எடுத்துவிட்டது. குன்று நின்ற இடத்தில் குழி. குழியில் தண்ணீர்.

அந்தத் தண்ணீரும் ஒரு நாள் உதவிற்று. 2017-ல் சென்னையில் குடிநீர்ப் பஞ்சம் வந்தபோது, மாங்காடு அருகே சிக்கராயபுரத்துக் கைவிடப்பட்ட கல்குவாரிகளிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுத்தம் செய்து நகரத்துக்குக் கொடுத்தார்கள். 2019 பஞ்சத்திலும் கை கொடுத்தது அந்தக் குழிதான்.

ஆனால் பிள்ளைகளை அங்கே குளிக்க விடக்கூடாது! குளம்போல அதற்குச் சரிவான கரை கிடையாது. இறங்கினால் செங்குத்தாகப் பல ஆள் ஆழம். நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்கியிருக்கிறார்கள்.

மூக்கைப் பாருங்கள்!

திருமலையிலிருந்து புத்தூர், நகரி, திருத்தணி வழியாகச் சென்னை திரும்புகிறவர்கள் நகரி அருகே மலையைப் பார்க்க வேண்டும். மலை உச்சியில் பாறை மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும். "நகரி மூக்கு" என்று பெயர். அந்தக் காலத்தில் சென்னைக் கடலில் வந்த கப்பல்காரர்களுக்கு அது அடையாளம்.

அந்த மூக்கும் குவார்ட்சைட் கல்தான். திருமலை வளைவுக்கு உறவுக் கல்! அங்கேயும் மழை சும்மா இருக்கவில்லை. கல்லை அரித்து மறுபடியும் மணலாக்குகிறது. திருமலையில் பெய்யும் மழை சுவர்ணமுகி ஆற்றுக்குப் போய்விடும். ஆனால் நகரி மலைகளின் மழை நகரி ஆற்றில் இறங்கி, பூண்டிக்கு மேலே கொசஸ்தலை ஆற்றில் சேருகிறது. கொசஸ்தலை ஆறு மணலி புதுநகரைத் தொட்டுக்கொண்டு எண்ணூரில் கடலுக்குப் போகிறது.

அப்படியானால், புதுநகரில் வீட்டுப் பிள்ளைகள் வாசலில் குவித்து விளையாடும் ஆற்று மணலில், நகரி மலையின் பங்கும் இருக்கும்! மலை இல்லாத ஊர் என்று சொன்னோம். மலை பொடியாக வந்திருக்கிறது.

1944-ல் பூண்டி ஏரி கட்டிய பிறகு மணல் வரத்தில் ஒரு பகுதி அணையிலேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் மட்டும் சில வருடங்களில் தங்க மறுக்கிறது. 2021 நவம்பரில் பூண்டியைத் திறந்தபோது கொசஸ்தலை பெருகி, மணலி புதுநகர்த் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றி வைத்துவிட்டு வெளியேறினவர்களுக்கு, நகரியில் பெய்த மழைக்கும் தங்கள் அடுப்படிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை.

ஆந்திர எல்லைப் பக்கம் கன மழை என்று வானொலியில் கேட்டதும், ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிற பெரியவர்கள் புதுநகரில் இன்றும் இருக்கிறார்கள்.

திருப்பதியிலிருந்து பகலில் பேருந்து ஏறினால் நகரி மூக்கு நன்றாகத் தெரியும். இரவுப் பேருந்தில் ஏறினால் தெரியாது. பிள்ளைகளும் தூங்கிவிடுவார்கள்.