கரையில் தேயும் படகு

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை நீளும் சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரிது. ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊர்களையும் பிற்காலத்தில் துறைமுகம் கட்டப்பட்ட ஊர்களையும் விட்டால், மற்றக் குப்பங்களில் படகு அலையைக் கிழித்துக் கடலுக்குள் போய், அதே அலையில் ஏறித்தான் மணலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. சிறு படகு வைத்திருப்பவரின் செலவையும் உழைப்பையும் பெருமளவு தீர்மானிப்பது இந்த நிலைமைதான். கடலில் கழியும் பல மணி நேரத்தைவிடக் கரையேறும் சில நிமிடங்களில் படகு அதிகம் தேய்கிறது.

இத்தகைய கரைக்கென்றே அமைந்த கலம் கட்டுமரம். கனமற்ற மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்பட்ட அதில் தண்ணீர் தேங்கும் குழிவு இல்லாததால் மூழ்கும் அச்சமும் இல்லை. தொழில் முடிந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப்போடலாம் என்பதால், அதன் பராமரிப்பு பெரும்பாலும் உலர்த்துவதும் மறுபடி கட்டுவதுமாகவே இருந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 1979இல் சென்னையை மையமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், எஞ்சினுடன் அலையைக் கடந்து கரையேறக்கூடிய சிறு படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. பின்னர் ஃபைபர் படகுகள் மெல்லப் பரவின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக அவை ஏராளமாக வந்திறங்கின. அந்த அவசரத்தில் வார்க்கப்பட்டவற்றுள் தரம் குறைந்தவையும் கலந்திருந்தன என்பதால், படகு வாங்குபவர் அதை வார்த்த பட்டறையை விசாரிப்பது வீண் வேலையன்று.

ஃபைபர் என்று வழங்கும் பொருள் உண்மையில் கண்ணாடி இழையும் ரெசின் எனப்படும் செயற்கைப் பிசினும் சேர்ந்தது. மெழுகு பூசிய அச்சில் முதலில் ஜெல்கோட் என்ற வழவழப்பான மேற்பூச்சைத் தடவி, அதன்மேல் கண்ணாடி இழைப் பாயான மேட்டை விரித்து, ரெசினை ஊற்றி, காற்றுக் குமிழ் நிற்காதபடி உருளையால் அழுத்தி, இப்படி அடுக்கடுக்காக ஏற்றினால் படகின் உடல் உருவாகிறது. இழை பலத்தைத் தருகிறது, ரெசின் அதைப் பிடித்து வைக்கிறது, ஜெல்கோட் தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. படகை மணலில் இழுக்கும்போது முதலில் போவது இந்த ஜெல்கோட்தான். ஏரா எனப்படும் அடிமுதுகு மணலில் உரசி உரசி இழை வெளியே தெரிந்துவிட்டால், இழையின் வழியே உப்புநீர் உள்ளே ஊறி, அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். முன்பு ஆட்கள் தோள் கொடுத்து உருளைக் கட்டைகளின் மேல் ஏற்றிய படகை இன்று பல ஊர்களில் டிராக்டர் இழுக்கிறது. உடல் நோவு குறைந்தது உண்மைதான், ஆனால் கட்டை போடாமல் வெறும் மணலில் இழுக்கப்படும் படகின் அடிப்பகுதி அதற்கு விலை கொடுக்கிறது.

பழுது பார்க்கும் முறை எளிதாகத் தோன்றினாலும் கவனம் தவறினால் பலன் தராது. விரிசலின் மேல் ஒரு துண்டு மேட்டை ஒட்டிவிடுவதால் பயனில்லை. விரிசலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி உப்பை நீக்கி, முழுக்கக் காயவிட்ட பிறகே புதிய அடுக்குகளை ஏற்ற வேண்டும், இல்லையேல் அந்த ஒட்டு சில வாரங்களில் செதிலாக உரிந்துவிடும். ரெசினை இறுகச் செய்வதற்காகச் சேர்க்கும் ஹார்டனர் பொதுவாக நூற்றுக்கு 1 அல்லது 2 பங்குதான். வெயில் கூடினால் அதையும் குறைக்க வேண்டும். ஹார்டனரையும், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும் என்பதால், ஒன்றை ரெசினில் நன்கு கலக்கிய பின்னரே மற்றதை ஊற்றுகிறார்கள். படகு கவிழ்ந்தாலும் மிதப்பதற்காகத் தளத்துக்கு அடியில் தெர்மோகோல் வைப்பவர்களும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: பாலியெஸ்டர் ரெசின் பட்ட இடத்தில் தெர்மோகோல் கரைந்துவிடும்.

இதில் பருவமும் குறுக்கே நிற்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படகு பல நாள் சும்மா கிடக்கும், ஆனால் காற்றிலுள்ள ஈரத்தால் ரெசின் சரியாக இறுகாது. கோடையில் ரெசின் நன்றாக இறுகும், ஆனால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை நீடிப்பதால், கரையோரக் கடலும் சந்தையின் நல்ல விலையும் சிறு படகுகளுக்குக் கிடைப்பது அந்த மாதங்களில்தான். காசு வரும் நாளில் படகைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பகுதியைத் தேய்ப்பதற்கு யாருக்கும் மனம் வருவதில்லை.

எஞ்சினின் ஆயுள் பெரும்பாலும் படகின் ஆயுளைவிடக் குறைவு. படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அந்த நீர் பக்கவாட்டில் மெல்லிய தாரையாக வெளியேறும் வரை கவலையில்லை, தாரை நின்றால் உடனே எஞ்சினை அணைத்தாக வேண்டும். கரை திரும்பியதும் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரில் அதை ஓடவிட்டு உள்ளே படிந்த உப்பைக் கழுவுவதே மலிவான காப்பீடு. கியர் ஆயிலை வடிக்கும்போது அது பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். மண்ணெண்ணெயில் ஓடும் வகையைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரையை நெருங்குகையில் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்புகிறார்கள். இந்தக் கடைசி வேலையை மறந்தால் மறுநாள் விடியற்காலை இருட்டில் எஞ்சின் கிளம்ப மறுக்கும். நீண்ட தண்டின் முனையில் விசிறி சுழலும் டீசல் எஞ்சினோ பெரும்பாலும் காற்றால் குளிர்வதால் உப்புநீர் அதனுள் போவதில்லை; அலையிலும் வலையின் மீதும் தண்டைத் தூக்கிவிடலாம் என்ற வசதியும் உண்டு. இரைச்சலும் அதிர்வும் அதன் குறைகள்.

அவுட்போர்டு எஞ்சின் மாட்டும் பின்பலகையைப் படகு வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஃபைபருக்குள் ப்ளைவுட் வைத்து வார்க்கப்படும் அதில் போல்ட்டுக்காகத் துளையிட்ட பின், துளையின் உட்சுவரை ரெசின் பூசி அடைக்காவிட்டால் தண்ணீர் ஊறி மரம் வெளியே தெரியாமலேயே அழுகும். பழைய படகை வாங்குபவர் அந்தப் பலகையைச் சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஓசைக்குப் பதில் மந்தமான ஓசை வந்தால் விலையைப் பேசுவதற்கு முன் யோசிக்கலாம்.

இத்தனைக்கும் பணம் வருவது பாட்டிலிருந்து, அதாவது பிடிபட்ட மீனிலிருந்து. விற்ற தொகையில் எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சியதை ஆளுக்கொரு பங்கும் படகு, எஞ்சின், வலைக்கெனத் தனிப் பங்கும் என்று பிரிப்பது வழக்கம். எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். படகுப் பங்கு வருமானம்போலத் தோன்றினாலும், அது தேய்மானத்துக்காக ஒதுக்க வேண்டிய தொகை. அதை வீட்டுச் செலவில் கரைத்தவர் எஞ்சின் நின்ற அன்று வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். பிறகு பாடு முழுவதையும் அந்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கும் கட்டாயத்துக்கு ஆளாகிறார்.

ஆயுள் முடிந்த கட்டுமரம் அடுப்புக்கு விறகானது. ஃபைபர் படகை எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மக்காது, உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. எஞ்சினையும் எடுத்து விற்கக்கூடிய இரும்பையும் கழற்றிய பின் அது கரையின் மேட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. பழைய வலைகளை வெயில்படாமல் போட்டுவைக்க அதன் அடிநிழல் உதவுகிறது.