பழைய நீள வீட்டுக்குள் ஒரு ஷவர்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, கும்பகோணம் போன்ற ஊர்ப்பகுதிகளில் இன்னும் நிற்கும் பழைய ஒட்டு வீடுகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கடைசியில் கொல்லை. அகலம் குறைவு, நீளம் அதிகம். இரு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர். குளியலறை கொல்லைக் கிணற்றடியில். முழங்கால் வலியோடு இருக்கும் பெரியவர்கள் மழை நாளில் அவ்வளவு தூரம் நடந்து, ஈரப் படியில் இறங்கித்தான் குளிக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்காகவாவது வீட்டுக்குள் ஒரு ஷவர் அவசியம் வேண்டும்.

இடம் எங்கே காலியாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது குளித்த தண்ணீர் வெளியே போகும் வழியை. நல்ல தண்ணீரை மெல்லிய குழாயில் ஏற்றி, இறக்கி, வளைத்து எங்கும் கொண்டுவந்துவிடலாம். அழுக்குத் தண்ணீர் வாட்டம் இருந்தால்தான் போகும்.

அடிக்குக் கால் அங்குல வாட்டம் என்பது நல்ல கணக்கு. ஷவரிலிருந்து கொல்லையில் இருக்கும் கழிவுநீர் சேம்பர் 20 அடி தள்ளி இருந்தால், குழாய் 5 அங்குலம் இறங்கியாக வேண்டும். தரையில் பதிக்கும் நானி டிராப்புக்கு ஏறக்குறைய அரை அடி ஆழம் தனியாக வேண்டும். இரண்டும் சேர்ந்து சுமார் 1 அடி. சேம்பருக்குள் குழாய் வந்து விழும் இடம், புதிய குளியல் தரையை விட அவ்வளவு தாழ்ந்திருக்கிறதா என்று கொத்தனாரை டியூப் லெவல் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாழ்வு போதாவிட்டால் ஷவரைக் கொல்லைப் பக்கமாக நகர்த்துங்கள். தரையை உயர்த்திப் படி வைப்பதும் ஒரு வழிதான். ஆனால் பெரியவர்களுக்காகச் செய்யும் வேலையில் படி வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

இந்த வீடுகளில் நல்ல இடம் பெரும்பாலும் முற்றத்தை ஒட்டிய மூலைதான். வெளிச்சமும் காற்றும் அங்கே இருக்கின்றன, மழைத் தண்ணீர் போக ஒரு தூம்பும் இருக்கிறது. அந்தத் தூம்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றிப் பாருங்கள். நீலம் தெருவின் மழைநீர் வடிகாலில் தெரிந்தால், சோப்புத் தண்ணீரை அதில் விடக் கூடாது. சேம்பருக்குத் தனிக் குழாய் போட்டாக வேண்டும்.

மாடிப்படிக்கு அடியிலும் வைக்கலாம். நிற்கும் இடத்தில் தரையிலிருந்து ஆறரை அடி உயரமாவது வேண்டும். தாழ்ந்த பக்கத்தை வாளிக்கும் முக்காலிக்கும் விட்டுவிடலாம். எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். ஷவருக்கு அடியில் நிற்க 3 அடிச் சதுரம் போதும் என்றாலும், குளியலறைக்குக் குறைந்தது 1.8 சதுர மீட்டர் பரப்பும் 1.2 மீட்டர் அகலமும் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ஏறக்குறைய 4 அடிக்கு 5 அடி.

மாடியில் வைக்க நினைப்பவர்கள் முதலில் தளத்தைப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி அடுக்கிய 'மெட்ராஸ் டெரஸ்' இருக்கும். ஈரம் இறங்கினால் மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். வெளியே தெரியும்போது பழுது முற்றியிருக்கும். அந்தத் தளத்தின் மேல் ஷவர் வேண்டவே வேண்டாம். பொதுச் சுவரிலும் குழாய்க்குக் காடி வெட்டாதீர்கள். கசிந்தால் அடுத்த வீட்டுக் கூடம் நனையும். குழாயைச் சுவரின் மேலேயே ஓட்டுவது அழகுக்குக் கொஞ்சம் குறைதான், பழுது பார்க்க எளிது.

அகன்ற மழை ஷவரைக் கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். டேங்க் தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றைத் தள வீட்டில் மொட்டைமாடி டேங்குக்கும் ஷவருக்கும் 2 மீட்டர் இடைவெளி இருந்தாலே அதிகம். அதில் கிடைப்பது 0.2 பார். அந்த அழுத்தத்தில் பெரிய ஷவர் சொட்டத்தான் செய்யும். பிரஷர் பம்ப் வைக்கலாம். இல்லையென்றால் ஹேண்ட் ஷவர் போதும். முக்காலியில் உட்கார்ந்து குளிப்பவர்களுக்கு வசதியும் அதுதான்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர்கள் உடம்பே தடுத்துவிடும். கீசருக்கு எர்த் இணைப்போடு தனி லைன் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். பழைய வயரிங்கில் அப்படியே சொருகுவது உயிருக்கு ஆபத்து.

வாட்டர்புரூஃப் பூச்சு காய்ந்ததும் வாய்க்குழியை அடைத்து, தரையில் 2 அங்குலத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். நாள் வீணாகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும், கசிவு இல்லை என்று உறுதியாகும் வரை ஒரு டைல் கூட ஒட்ட விடாதீர்கள்.