விளையாடினாயா என்னும் வினா

எமது கல்லூரியின் பழைய மலர்களைப் புரட்டுவோர், வெற்றிக் கிண்ணத்தை நடுவே வைத்து விளையாட்டணியினர் அமர்ந்திருக்கும் நிழற்படங்களைக் காண்பர். துடுப்பாட்ட அணியிற் பதினொருவர். உதைபந்தாட்ட அணியிலும் பதினொருவர். படத்துள் வாராத ஏனை மாணாக்கர் அவ்வாண்டில் ஓடி ஆடினரா, அன்றி அமர்ந்தே காலங் கழித்தனரா என்பதற்கு அம்மலர்களிற் சான்று யாதுமில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலிற் பொற்பதக்கம் பெற்றார். அவர் தாண்டிய உயரத்தைக் கம்பி காட்டிற்று. கடைவாங்கில் இருக்கும் மாணவனின் உடலுழைப்பை எக்கம்பி காட்டும்? அவனையே வினாவி அறிதல் வேண்டும். அங்ஙனம் வினாவும் முறையை விளக்குதலே எமது நோக்கமாகும்.

ஐந்து முதற் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாயினும் மூச்சு வாங்கும்படி உடலை இயக்குதல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. அந்நிறுவனத்தார் 146 நாடுகளிற் பெறப்பட்ட விடைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிபின்படி, 2016ஆம் ஆண்டிற் பதினொரு முதற் பதினேழு வயதுவரையான பள்ளிமாணவருள் நூற்றுக்கு 81 பேர் அவ்வளவை எட்டவில்லை. ஆண்பிள்ளைகளுள் 78, பெண்பிள்ளைகளுள் 85. இலங்கையிலும் 2008ஆம் 2016ஆம் ஆண்டுகளில் இத்தகைய மாணவர் நல ஆய்வு நிகழ்ந்தது.

அவ்வாய்வின் முறை எளியது. முதலிற் பாடசாலைகளும், பின்னர் அவற்றுள் வகுப்புகளும் குலுக்கல் முறையால் தெரியப்படும். தெரிந்த வகுப்பில் உள்ளோர் அனைவரும் பெயர் எழுதாது விடைத்தாளிற் குறியிடுவர். விரும்பியோரை மாத்திரம் அழைத்து வினாவின், விளையாட்டில் விருப்புடையோரே முன்வருவர். படத்துள் வந்தவரே மீண்டும் படத்துள் வருவர்.

வினாவின் இயல்பை நன்னூலார் நன்கு வகுத்தார். அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என வினா அறுவகைப்படும். ஆய்வாளன் வினாவுவது அறியாவினா. ஆனால் ஆசிரியர் வாயிலிருந்து "விளையாடினாயா?" என்னும் சொல் பிறந்தவுடன், மாணவன் அதனைத் தன்னைச் சோதிக்கும் அறிவினாவாகவோ, "போய் விளையாடு" என்னும் ஏவல்வினாவாகவோ கொள்வான். கொள்ளவே, உண்மையை விடுத்து ஆசிரியர் உவக்கும் விடையைத் தருவான். பெயர் எழுதாதிருத்தல் மாத்திரம் போதாது. கையெழுத்தை வகுப்பாசிரியர் அறிவர். ஆதலால் எழுத்தின்றிக் குறி மாத்திரம் இடச்செய்தலும், பிறிதொரு வகுப்பின் ஆசிரியரைக் கொண்டு நடத்துதலும் நலம்.

"நீ வழக்கமாக விளையாடுவாயா?" என்று வினாவுதலும் தவறு. வழக்கம் என்பது ஒவ்வொருவர்க்கு ஒவ்வோரளவினது. "கடந்த ஏழு நாள்களுள் எத்தனை நாள் 60 நிமிடம் உடலை இயக்கினாய்?" என்று வினாவின் விடை எண்ணாக அமையும். நினைவும் அணித்தாகும். எவ்வேழு நாள் என்பதும் கருதற்பாலது. இல்ல மெய்வல்லுநர் போட்டி நிகழும் முதலாந் தவணையில் வினாவின் எல்லோரும் வீரராவர். மாரிமழையில் வினாவின் எல்லோரும் சோம்பராவர். ஆகவே ஆண்டில் இருமுறையேனும் வினாவுதல் வேண்டும்.

இயக்கம் என்பது யாதென முன்னரே விளக்குதலும் இன்றியமையாதது. துடுப்பாட்டக் களத்தில் நெடுநேரம் நின்றவனினும் அரைமணி நேரம் கிளித்தட்டு மறித்தவன் மிகுதியாக மூச்சு வாங்குவான். நெடுந்தூரம் துவிச்சக்கர வண்டி மிதித்து வருபவனும், தந்தையோடு தோட்டத்தில் மண் கொத்துபவனும் தாம் விளையாடவில்லை என்றே விடையளிப்பர். அவர்தம் உழைப்பு கணக்கில் ஏறாதொழியின் ஆய்வு எமது மண்ணுக்குப் பொருந்தாது.

இனி, இதனால் ஆவதென்ன? ஒன்பதாந்தரம் வரை எல்லோரும் கற்கும் சுகாதாரமும் உடற்கல்வியும் பத்தாந்தரத்தில் தெரிவுப் பாடமாகிவிடுகின்றது. அவ்வயதிலேயே மாலைப்பொழுதைத் தனியார் கல்வி நிலையங்கள் கவர்ந்துகொள்கின்றன. எத்தரத்தில், எக்கிழமையில், எக்காரணத்தால் மாணவன் மைதானத்தை விட்டு நீங்குகின்றான் என்பதை அறியாது அவனைச் சோம்பேறி எனப் பழித்தல் முறையன்று. விடைகளை நோக்கும்போதும் நிதானம் வேண்டும். நாற்பதின்மர் வகுப்பில் ஒருவன் விடை மாறினும் நூற்றுக்கு இரண்டரை மாறும். ஆதலால் வீதம் கூறாது தொகையையே கூறுதல் நேர்மை. விடையைக் கொண்டு எவரையும் தண்டித்தல் ஆகாது. ஒருமுறை தண்டித்தால் மறுமுறை உண்மை கிடையாது.

உடம்பைப் பேணுதலை உயிரைப் பேணுதலோடு இணைத்து உணர்த்தியவர் திருமூலநாயனார். அவர் வழிவந்த சைவச்சூழலில் வளரும் கல்லூரி, தன் மாணாக்கர் அனைவரின் உடலையும் தன் பொறுப்பெனக் கொள்ளல் வேண்டும். பழைய மாணவர் கிண்ணங்களும் பார்வையாளர் மண்டபமும் அளிக்க எண்ணுவது போற்றத்தக்கதே. எனினும் அளிக்குமுன் மாணாக்கரை வினாவுவோம். அவர்கள் வேண்டுவது துவிச்சக்கர வண்டிகளுக்கு நிழற்கொட்டகையாகவோ, வகுப்புக்கு ஒரு பந்தாகவோ, கிளித்தட்டுக்குக் கோடிட்ட நிலமாகவோ இருத்தல் கூடும். அடுத்த மலர் வெளிவரும்போது, நிழற்படத்துள் வாராதோரைப் பற்றியும் ஒரு பக்கமேனும் எழுதத்தக்க நிலையில் யாம் இருத்தல் வேண்டும்.